தோல் ஷாப் முதலாளியைப் பெரியம்மா காப்பாற்றிய விதம்

பிளசர் என்றால் கார் என்று பேரப்பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய வயதுக்கு நாம் எல்லோரும் வந்தாகிவிட்டது. உங்களைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பழைய ஆட்களில் யாரைப் பற்றிப் பேச்சு வந்தாலும், "பாவம், போகட்டும் விடு" என்று முடித்துவிடுகிறீர்கள். மூட்டு வலியோடு சேர்ந்து வருகிற குணம் போலிருக்கிறது. எனக்கு மூட்டு வலி வந்துவிட்டது. அந்தக் குணம் மட்டும் வரவில்லை. வரவும் வேண்டாம். நான் நாலாம் வகுப்புப் படித்த வருடம் பெய்த மழையையும், என் பெரியம்மா ஒரு மனிதரைத் தண்ணீரிலிருந்து கொண்டுவந்து சேர்த்ததையும் சொல்கிறேன். கேட்டுவிட்டு வேண்டுமானால் நீங்கள் "பாவம்" என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து அகரம் போகிற பாதையில், வீடுகள் முடிந்து வயல்கள் தொடங்குகிற பள்ளத்தில் எங்கள் தெரு இருந்தது. ஒரு பக்கம் குளத்துக் கரை, மறுபக்கம் ஆறு. தெருக்கோடியில் தோல் ஷாப். ஊறப்போட்ட ஆட்டுத்தோல், சுண்ணாம்பு, ஆவாரம்பட்டை மூன்றும் சேர்ந்த வாடை எங்களுக்கு வாடையாகவே தெரியாது. பள்ளிக்கூடத்தில் டவுன் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொள்ளும்போதுதான் அது எங்கள் சட்டையிலும் இருக்கிறது என்பது நினைவுக்கு வரும். தெருவில் பாதிப்பேருக்கு அந்த ஷாப்பில்தான் வேலை. அத்தா என்று நான் கூப்பிடுகிற என் அப்பாவுக்கும் அங்கேதான். சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலை எடுத்து முடி சீவுவார். அவருடைய விரல் இடுக்குகள் எப்போதும் வெந்து சிவந்திருக்கும். சோற்றைப் பிசையும்போது முகத்தைச் சுளிப்பார்.

ஷாப்பை ஒட்டி முதலாளியின் மெத்தை வீடு. தெருவில் மாடி வைத்த வீடு அது ஒன்றுதான். வாசலில் கறுப்பு பிளசர் நிற்கும். அதன் ஹாரனின் ரப்பர் குமிழை ஒரே ஒரு முறை அமுக்கிப் பார்க்க வேண்டும் என்பது தெருப்பிள்ளைகள் எல்லோருக்கும் இருந்த ஆசை. டிரைவர் கிட்டே நெருங்கவே விடமாட்டார்.

பெரியம்மா என் அம்மாவுடன் பிறந்த அக்கா. அடுத்த வீடு. பெரியப்பா பண்டாரி, கல்யாண வீடுகளுக்குப் போய் பிரியாணி ஆக்குகிறவர். அவர்கள் வீட்டு முற்றத்தில் செம்புத் தேக்சாக்கள் பெரிதும் சிறிதுமாகக் கவிழ்ந்து கிடக்கும். எல்லாவற்றிலும் பெரியதற்குள் நான் காலை நீட்டிப் படுத்துவிடலாம். அம்மாவும் பெரியம்மாவும் பிறந்தது தொப்பம்பட்டிப் பக்கம். கிணற்றில் குதித்து வளர்ந்தவர்கள். கல்யாணமாகி எங்கள் தெருவுக்கு வந்த பிறகு பேச்செல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சாக மாறிவிட்டது. ஆனால் பெரியம்மாவுக்கு மட்டும், கோபம் எல்லை தாண்டினால் பிறந்த ஊர்ப் பேச்சு திரும்ப வந்துவிடும். கத்தமாட்டாள். "ஏனுங்க", "சொல்லுங்க" என்று மரியாதை கூடிக்கொண்டே போகும். பெரியப்பா அந்த 'ங்க' கேட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

அவளுக்கு ஒரே மகன். எனக்கு ஒரு வயது மூத்த அண்ணன். அந்த மழைக்கு முந்தின கோடையில் அவனுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. காலையில் என்னோடு பாண்டி விளையாடியவன் மத்தியானத்தில் கண் செருகிக் கிடந்தான். டவுனில் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் பிழைத்துவிடுவான் என்று எல்லோரும் சொன்னார்கள். பெரியப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மெத்தை வீட்டு வாசலுக்கு ஓடினார். பின்னாலேயே பெரியம்மா. அவளுக்குப் பின்னால் நான்.

முதலாளி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"மொதலாளி, பிளசர் வேணும். புள்ளைக்கு முடியல."

"வாந்தி எடுக்குறானாப்பா?"

"ஆமா மொதலாளி."

"சீட்டு இப்பத்தான் மாத்திருக்கு. நம்ம தோலு. வாந்தி பட்டா வீணாப் போயிரும். மாட்டு வண்டியப் பூட்டுங்க, செத்த நேரத்துல போயிரலாம்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான். கெட்ட வார்த்தை எதுவும் சொல்லவில்லை, சத்தம் போடவும் இல்லை. மாட்டு வண்டி ரயில்வே கேட்டில் நின்றது. கூட்ஸ் வண்டி ஒன்று ஊர்ந்து போய்க்கொண்டே இருந்ததாம். கேட் திறப்பதற்குள் அண்ணன் பெரியம்மா மடியிலேயே போய்விட்டான். மூன்றாம் நாள் பாத்திஹா ஓதுவதற்கு முதலாளி ஒரு மூட்டை அரிசி அனுப்பினார். பெரியம்மா அதைத் தானே தலையில் தூக்கிக்கொண்டு போய் அவர் வாசலில் போட்டுவிட்டு வந்தாள். "எதையும் பேசாம வந்துட்டா, நல்ல பொம்பள" என்றார்கள் தெருவில். அவள் பேசாததைப் பொறுமை என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அதற்கடுத்த ஐப்பசியில்தான் அந்த மழை. கிழக்கே எங்கோ கரையேறிய புயல், காற்றையெல்லாம் வழியில் விட்டுவிட்டு மழையை மட்டும் எங்கள் பக்கம் கொண்டுவந்தது. மலை கண்ணுக்குத் தெரியவில்லை. சுவரில் கை வைத்தால் மண் ஒட்டிக்கொண்டு வந்தது. விறகு எரியாமல் வீடெல்லாம் புகை. குளம் நிரம்பி, கரையின் விளிம்புவரை தண்ணீர் தளும்பி நின்றது. கரையில் விழுந்த ஓட்டைக்குள் மண் மூட்டைகளை அடைத்துக்கொண்டே இருந்தார்கள்.

பெரியப்பா மலைப்பக்கம் ஓர் ஊருக்குக் கல்யாணத்துக்குச் சமைக்கப் போயிருந்தார். பாதை அறுந்து அங்கேயே மாட்டிக்கொண்டார்.

ஒரு நாள் மத்தியானம் தலையாரி தண்டோராப் போட்டுக்கொண்டு வந்தார். நனைந்த தப்பில் சத்தமே எழவில்லை. அவர் தொண்டையால்தான் எல்லாம் நடந்தது.

"குளம் தாங்காதுன்னு பெரிய ஆபிசர் வந்து பாத்துட்டாரு! பள்ளத்துல இருக்குற அம்புட்டுப் பேரும் பொழுது சாயறதுக்குள்ள மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிரணும்! இது கலெக்டர் உத்தரவு! போகாதவங்க மேல கேசு!"

அவருக்குப் பின்னால் குடையோடு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "கெளம்புங்கம்மா, கெளம்புங்க" என்றார். தோல் ஷாப் வாசலுக்கு வந்ததும் முதலாளி மாடியில் வந்து நின்றார். பனியன் போட்டிருந்தார். கையில் டீ கிளாஸ்.

"ஏன் சார், வருசா வருசம் குளம் நெறையுது. வருசா வருசம் ஒடையுதா? எல்லாரும் மேட்டுக்குப் போனதும் வீடு பூந்து சட்டி பானையைத் தூக்குறதுக்கா?"

வேலையாட்கள் சிரித்தார்கள். என் அத்தாவும் சிரித்தார். நான் பார்த்தேன்.

"சார், இது உத்தரவு. ஒங்க ஆளுகளையாவது அனுப்புங்க."

"அனுப்புறேன். தாராளமாப் போகட்டும்." வேலையாட்கள் பக்கம் திரும்பினார். "குழியில அம்புட்டுத் தோலும் ஊறிக்கிட்டுக் கெடக்கு. எல்லாத்தையும் பரண்ல ஏத்தணும். போறவன் போகலாம். போனவன் திரும்பி இந்தக் கேட்டுக்குள்ள கால் வைக்க வேணாம்."

அன்றைக்குக் காலையிலேயே பிளசர் கிளம்பிப் போயிருந்தது. முதலாளியின் பீவியும் மகள்களும் பெட்டிகளோடு ஏறிப் போனதை எல்லோரும் பார்த்தோம். "வத்தலக்குண்டுல சொந்தத்துல ஏதோ விசேஷமாம்" என்று அத்தா சொன்னார். எந்த மனிதர் அப்படிப்பட்ட மழையில் விசேஷத்துக்குப் போவார் என்று தெருவில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. படித்தவர்களும் இருந்தார்கள், தொழுகை விடாதவர்களும் இருந்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

பெரியம்மா எங்கள் வீட்டுக்குள் வந்து என்னை ஒரு கையிலும் அம்மாவை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டாள். "தம்பி, நீங்களும் வாங்க" என்றாள் அத்தாவிடம்.

"வேல போயிரும் மதினி. தோலை ஏத்திட்டு வாரேன்."

"தோலு முக்கியமா, ஒங்க மக முக்கியமா?"

"மக திங்க வேணாமா?" என்று அத்தா கேட்டார். கேட்டுவிட்டு ஷாப்புக்குக் கிளம்பிப் போனார்.

பெரியம்மா அந்தப் பெரிய தேக்சாவை உருட்டிக்கொண்டே மேட்டுக்கு ஏற்றினாள். சேலைகளையும் குர்ஆனையும் விட்டுவிட்டு ஒரு பாத்திரத்தைக் காப்பாற்றுகிறாளே என்று பெண்கள் சிரித்தார்கள். பெரியப்பாவின் பிழைப்பு அது, அவளுக்கு வேறு எண்ணம் இருந்திருக்காது.

மறுநாள் நன்றாக விடிந்த பிறகு கரை உடைந்தது. பள்ளிக்கூட வராந்தாவில் அரசாங்கம் ஊற்றிய கஞ்சிக்கு வரிசையில் நின்றிருந்தோம். பத்து லாரி ஜல்லியை ஒரே நேரத்தில் கொட்டியது போல ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் தெரு இல்லை. கூரைகள் இருந்தன. தண்ணீர் ஆவாரம்பட்டைச் சாயத்தில் டீ மாதிரி சிவந்து ஓடியது. அதில் ஊறவைத்த தோல்கள் கூட்டம் கூட்டமாக மிதந்து வந்தன. காலும் கழுத்தும் விரித்துக்கொண்டு, உள்ளே உடம்பில்லாத ஆடுகள். அம்மா "அத்தா எங்கடி, அத்தா எங்கடி" என்று என் தலையில் அடித்துக்கொண்டே இருந்தாள். தன் தலை என்று நினைத்து அடித்தாளோ என்னவோ.

ஷாப்புக்குப் பக்கத்தில் வேலையாட்களின் வரிசை வீடுகளில், புருஷன்மார் வராமல் கிளம்பமாட்டோம் என்று நின்றுவிட்ட பெண்களும் பிள்ளைகளும் ஓட்டுக்கூரை மேல் இருந்தார்கள். ஆண்கள் தோல் உலர்த்தும் கொட்டகையின் உத்திரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். மெத்தை வீட்டு மாடியில் முதலாளி தனியாக நின்று துண்டை ஆட்டினார்.

டவுனிலிருந்து வந்த தீயணைப்பு வண்டி, பாலம் முங்கிப் போனதால் அக்கரையிலேயே நின்றுவிட்டது. எங்கள் ஊரில் படகுக்கு எங்கே போவது? "வெள்ளம் வடியட்டும்" என்று வாத்தியார் சொன்னார். பெரியம்மா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வெள்ளைத் துப்பட்டியை அவிழ்த்து இடுப்பில் வரிந்து கட்டினாள். பக்கத்துத் தோட்டத்தில் மாடு பூட்டி நீர் இறைக்கும் கமலையின் வடத்தைக் கொண்டுவரச் சொல்லி, தேக்சாவின் வளையங்களில் கோத்து முடிச்சுப் போட்டாள். மறு நுனியைப் பள்ளிக்கூடத்து வேம்பில் சுற்றி ஆண்கள் கையில் கொடுத்தாள்.

"நான் நீந்திக்கிட்டே தள்ளிட்டுப் போவேன். உள்ள ஏறுறவங்களப் பிடிக்கவும் தண்ணி எறைக்கவும் எடையில்லாத ஆள் வேணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா "ஐயோ வேணாம்க்கா" என்றாள். பெரியம்மா என்னைத் தூக்கி உள்ளே வைத்து, கையில் பெரிய கரண்டியைக் கொடுத்தாள். அந்தப் பாத்திரத்துக்குள் கிராம்பு, பட்டை, நெய் வாசம் அப்படியே இருந்தது. சுற்றிலும் பிணவாடை வருகிற தண்ணீர், உள்ளே கல்யாண வீட்டு வாசம். இந்த வயதிலும் பிரியாணி மணம் வந்தால் என் கை முதலில் அந்தக் கரண்டியைத்தான் தேடும்.

தேக்சாவின் அடி உருண்டை. ஒரு பக்கமாக நகர்ந்தால் சுழலும். பெரியம்மா விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலால் உதைத்து நீந்தினாள். வரிசை வீடுகளுக்குப் போகிற வழியில் மெத்தை வீடு. முதலாளி மாடிக் கைப்பிடிச் சுவரில் குனிந்து கத்தினார்.

"ஏ பண்டாரி பொஞ்சாதி! இங்க வா! இங்க வந்து என்னைய ஏத்து!"

பெரியம்மா நீந்துவதை நிறுத்தாமல் அண்ணாந்து பார்த்தாள்.

"ஏனுங்க மொதலாளி, சௌக்கியமுங்களா?"

எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த 'ங்க' வந்துவிட்டது.

"வெளையாடாதே! பின்னாடி சுவரு விரிசல் விடுது!"

"வருசா வருசம் நெறையறதுதானுங்களே. ஒடையாதுங்க. நீங்களே சொன்னீங்க." அவரைக் கடந்து போனோம்.

முதலில் கைக்குழந்தைக்காரிகளைக் கொண்டுவந்தோம். ஏறும்போது ஒவ்வொருத்தியும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மேட்டில் ஆண்கள் வடத்தை இழுக்க, பெரியம்மா பின்னாலிருந்து தள்ளுவாள். இறக்கிவிட்டு மறுபடியும் போவோம். ஒவ்வொரு முறையும் மெத்தை வீட்டைக் கடந்துதான் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் அவர் கத்தினார். முதலில் அதட்டினார். பிறகு ஆளுக்கு ஒரு பவுன் தருவதாகச் சொன்னார். அப்புறம் "தாயே" என்றார். ஒவ்வொரு முறையும் பெரியம்மா நின்று நலம் விசாரித்துவிட்டுத்தான் போனாள். பிள்ளைகள் முடிந்து கொட்டகைக்குப் போனபோது, உத்திரத்தில் அத்தா இருந்தார். கை மரத்துப்போய் விரலைப் பிரிக்க முடியவில்லை. நான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

ஷாப்பில் ஆவாரம்பட்டை இடிக்கிற பெரியவரைத்தான் எடுக்க முடியவில்லை. மலை மாதிரி குவித்திருந்த ஆவாரம்பட்டைக் கட்டுகளின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். எனக்கு எப்போதும் கருப்பட்டித் துண்டு தருகிறவர். "வாரோம், வாரோம்" என்று கத்திக்கொண்டே போனோம். நாங்கள் கிட்டே போவதற்குள் அந்தக் குவியல் அப்படியே பிரிந்து நாலாபக்கமும் மிதந்தது. அதற்குப் பிறகு பட்டைக் கட்டுகள் மட்டும்தான் இருந்தன. பெரியம்மா மூழ்கி மூழ்கித் தேடினாள். வெறும் கையோடு வந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பிறகு மெத்தை வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

மத்தியானம் தாண்டியிருந்தது. மழை விட்டு ஒரு மஞ்சள் வெயில் அடித்தது. மெத்தை வீட்டின் பின்பாதி இடிந்து போயிருந்தது. முதலாளி படிக்கட்டின் தலைப்பில் ஒண்டிக்கொண்டிருந்தார். ஒரு முழத்துக்குக் கீழே தண்ணீர். வேட்டி போய்விட்டிருந்தது. பனியன் மட்டும் உடம்பில் ஒட்டியிருந்தது. பெரியம்மா தேக்சாவை அவர் கைக்கு எட்டாத தூரத்தில் நிறுத்தினாள். கல்தூணைக் காலால் அணைத்துக்கொண்டு நின்றாள்.

"விட்டுட்டு வா பெரியம்மா" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். பத்து வயதுப் பிள்ளை. அப்போது சொன்னதற்கு இப்போதும் வருத்தமில்லை.

"செத்துப் போனா அவருக்கு என்னடி தெரியும்?" என்று பெரியம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னாள். பிறகு அவரிடம், "மொதலாளி, ஏத்திக்கிறேனுங்க. ஒரு வார்த்த சொல்லுங்க. எம்மவன் பேரு என்னங்க?"

அவர் தேக்சாவை நோக்கிக் கையை நீட்டினார்.

"ரெண்டு வீடு தள்ளித்தான் இருந்தானுங்க. ஒங்க வாசல்லதான் வெளையாடுவான். பேரு என்னங்க?"

"எனக்கு... எனக்கு எப்படிம்மா..."

"தெரியாதுங்களா? செரி, நான் சொல்றனுங்க."

சொன்னாள். அவன் செத்த பிறகு அந்தப் பெயரை அவள் வாயால் அன்றுதான் கேட்டேன். அதை இங்கே சொல்ல மாட்டேன், அது அவளுடையது.

"இப்ப நீங்க சொல்லுங்க."

சொன்னார்.

"கேக்கலீங்க."

மறுபடி சொன்னார். சுவரிலிருந்து ஒரு கல் பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது.

"மேட்டுக்குக் கேக்கோணும் மொதலாளி. எல்லாரும் அங்கதான் நிக்கிறாங்க."

அவர் கத்தினார். தொண்டை கிழியக் கத்தினார். அந்தப் பெயர் தண்ணீர் மேல் போய்ப் பள்ளிக்கூடத்துச் சுவரில் பட்டுத் திரும்பியது. மேட்டில் நின்றவர்கள் அவர் யாரையோ உதவிக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்தார்களாம். பெரியம்மா தேக்சாவைக் கிட்டே தள்ளினாள். அவர் உள்ளே விழுந்து என் காலடியில் சுருண்டுகொண்டார். கரையை எட்டும்வரை நான் கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் செரிக்காதது. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் பயான் சொல்லும்போது ஹஜ்ரத் அவளைப் பற்றிப் பேசினார். பிள்ளையை இழந்த தாய் தனக்குத் துரோகம் செய்தவரை மன்னித்து உயிர் கொடுத்தாள், இதுவல்லவா ஈமான், இதுவல்லவா இறைநம்பிக்கை என்று அழுதுகொண்டே சொன்னாராம். ஒரு பெரிய அதிகாரி வந்து சால்வை போர்த்தி, "எப்படிம்மா மன்னிக்க முடிஞ்சுது?" என்று கேட்டார்.

"நான் மன்னிக்கல சார்" என்றாள் பெரியம்மா.

அதிகாரி சிரித்தார். கூட்டமும் சிரித்தது. "தன்னடக்கம்" என்றார் வாத்தியார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கக்கா மனசு தங்கம்" என்றாள். அவள் வாய்விட்டுச் சொன்னதை அத்தனை பேர் இருந்த இடத்தில் ஒருத்தர்கூடக் காதில் வாங்கவில்லை. பட்டை இடிக்கிற பெரியவரைப் பற்றியும் யாரும் பேசவில்லை. அன்று முதலாளிக்கும் ஒரு மாலை போட்டார்கள். கடைசிவரை தன் ஆட்களோடு ஊரிலேயே நின்றவராம்.

தண்ணீர் வடிந்தது. முதலாளி வீட்டின் முன்பாதியை நிமிர்த்திக் கட்டிக்கொண்டு குடியேறினார். மறுநாள் காலையிலிருந்து பெரியம்மா தொடங்கினாள். அவர் ஷாப்புக்குக் கிளம்பும் நேரத்தில் தெருவின் எதிர்ச்சாரியில் போய் நிற்பாள்.

"சௌக்கியமுங்களா மொதலாளி?"

தெரு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும். உயிர் கொடுத்தவள் கேட்கிறாள். அவர் நின்று, தலையை ஆட்டி, "சௌக்கியம்மா" என்று சொல்லியாக வேண்டும். பாதி நாள் அவர் வாய் கோணிக்கொள்ளும். நேரத்தை மாற்றிப் பார்த்தார். அவளும் மாற்றிக்கொண்டாள். பின்வாசல் வழியாகப் போனார். அங்கேயும் நின்றாள். பட்டுச்சேலை அனுப்பினார், அது திரும்பிப் போனது. ஒரு நாள் பிளசரையே அனுப்பிவிட்டார்.

"எங்க போகணும்னாலும் கூட்டிட்டுப் போகச் சொன்னாங்கம்மா, பொறந்த வீட்டுக்குன்னாலும் சரி" என்றார் டிரைவர்.

நாவல்பழக் காலம். தெருப்பிள்ளைகள் அத்தனை பேர் வாயும் ஊதா. மழை பெய்து தெருவெல்லாம் சேறு. பெரியம்மா வாசலில் நின்று கைதட்டிக் கூப்பிட்டாள்.

"ஏலே, எல்லாரும் வாங்கடா! ஏறுங்கடா பிளசர்ல!"

ஏறினோம். சேற்றுக்காலோடு சீட்டின் மேல் நின்று குதித்தோம். பழத்தைத் தின்று கொட்டையைத் துப்பினோம். குழியில் ஊறி என் அத்தாவின் விரலைத் தின்ற தோல் அது. நான் என் இரண்டு கையையும் அதன் மேல் அழுத்தி அழுத்தித் துடைத்தேன். ஹாரனையும் ஆசை தீர அமுக்கினோம். டிரைவர் "அம்மா, அம்மா" என்று கெஞ்சினார். பெரியம்மா கடைசிவரை அதில் ஏறவில்லை. போதும் என்று தோன்றியதும், "கொண்டு போங்க. ரொம்ப சொகமா இருந்துச்சுன்னு மொதலாளிகிட்டச் சொல்லுங்க" என்று அனுப்பிவைத்தாள்.

நான் சிரித்துக்கொண்டே அவள் பின்னால் வீட்டுக்குள் போனேன். அடுப்படியில் அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. நான் சத்தமில்லாமல் வெளியே வந்துவிட்டேன்.

அதற்கடுத்த நோன்புக்குள் முதலாளி ஷாப்பை மூடிவிட்டு வத்தலக்குண்டுக்குப் போய்விட்டார். இதனால் தெருவுக்கு வந்த கஷ்டத்தையும் சொல்லத்தான் வேண்டும். பாதி வீடுகளில் வேலை போயிற்று. அத்தா டவுனில் வேறொரு ஷாப்புக்கு நடந்தே போய் நடந்தே வந்தார். "எல்லாம் மதினியால வந்தது. மனுசன நிம்மதியா இருக்க விட்டாத்தானே" என்று அம்மாவிடம் முணுமுணுப்பார். உத்திரத்திலிருந்து அவர் விரலைப் பிரித்து எடுத்தவள் நான். அவர் அப்படிப் பேசும்போதெல்லாம் எழுந்து போய்விடுவேன். சாகும்வரை அவர் முதலாளியைக் குறை சொல்லவே இல்லை. முதலாளி மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. என் அத்தாவை அப்படி ஆக்கி வைத்திருந்தார்.

பெரியம்மா கொஞ்ச நாள் சும்மா இருந்தாள். தீர்ந்தது என்று அம்மாகூட நினைத்தாள். ஒரு நாள் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு, "ஏண்டி, வத்தலக்குண்டு சந்தைக்கு வாறியா?" என்று என்னைக் கேட்டாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் முதலாளி செருப்புக் கடை வைத்திருந்தார். சந்தைக் கூட்டம். கொடைக்கானல் போகிற பஸ்ஸுக்கு ஆட்கள் முட்டிக்கொண்டிருந்தார்கள். மலைப்பூண்டும் வாழைத்தாரும் கலந்த வாசம். கடைக்கு நேர் எதிரே, வெயிலில், பெரியம்மா போய் நின்றாள். முதலில் அவர் கவனிக்கவில்லை. ஒருத்தர் காலில் செருப்பை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். செருப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தார். நரைத்துப் போயிருந்தார்.

"இன்னும் என்னம்மா வேணும் ஒனக்கு? அதான் ஊரையே விட்டுட்டு வந்துட்டேன்ல."

"ஒண்ணும் வேணாமுங்க. ஒடம்பு சௌக்கியமான்னு பாத்துட்டுப் போலாமுன்னு வந்தனுங்க."

"பாத்துட்டீல்ல?"

"பாத்துட்டனுங்க. நல்லா இருக்கோணும். எனக்குப் பொறவும் நீங்க இருக்கோணும். நூறு வருசம் இருங்க."

பக்கத்துப் பழக்கடைக்காரர் அதைக் கேட்டுவிட்டு, "பாருங்க பாய், எம்புட்டு நல்ல மனசு! ஒங்களுக்கு என்ன ஒறவு?" என்றார். முதலாளி அவரைத் திரும்பிப் பார்த்தார். யாரிடம், என்னவென்று சொல்லுவார்? உள்ளே போய், செருப்புப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவரை வெளியே அனுப்பிவிட்டு, பட்டப்பகலில், சந்தை நாளில், கடையின் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து மூடினார்.

அவள் வேண்டிய அந்தத் துஆ பாதி பலித்தது. நூறை எட்டவில்லை என்றாலும் பெரியம்மாவுக்குப் பிறகும் வெகுகாலம் இருந்தார் அவர்.

அன்றைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பெரியம்மா கொய்யாப்பழம் வாங்கி எனக்கு ஒன்று கொடுத்து, தானும் ஒன்றைக் கடித்தாள். அவள் எதையும் ருசித்துத் தின்று நான் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது. விதையோடு மென்று விழுங்கினாள்.

"போதுமா பெரியம்மா?" என்று கேட்டேன்.

அவள் கொய்யாவின் காம்பை ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள்.

"இன்னைக்குப் போதும்டி" என்றாள்.

அடுத்த சந்தைக்கும் போனோம்.